பின்னால் நடந்து வந்த மூவர்

புரட்டாசி 20, புதன் இரவு

ராஜாவைக் கொன்று அரியணை ஏறி அழிந்துபோகும் தளபதியின் துன்பியல் நாடகத்தை, இன்று கும்பகோணத்தில் நடந்த கல்லூரிப் போட்டியில் என் மாணவிகள் நடித்தார்கள். "நீ ராஜா ஆவாய்" என்று அவனிடம் சொல்லும் மூன்று சூனியக்காரிகளுக்குக் கறுப்பு அங்கி தைத்து வைத்திருந்தேன். மேடையேறும் நேரத்தில் பார்த்தால், மூவரும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, நடவுக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

"இது என்னடி கோலம்?" என்று கத்திவிட்டேன். என் அம்மா இதே கோலத்தில்தான் ஒருமுறை என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கத்தியது அதனால்தானா, தெரியவில்லை.

"பாருங்க மேடம்," என்றாள் மூவரில் ஒருத்தியான செல்வி.

மேடையில் குனிந்தபடி, நாற்று நடுவது போலவே பின்னால் நகர்ந்து வந்தார்கள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. கறுப்பு அங்கிகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முடிந்ததும் நடுவர், "தளபதியக் கெடுத்தது நீங்க மூணு பேருந்தானே?" என்று கேட்டார்.

"நாங்க நாத்துக்கட்டு மட்டுந்தான் வீசினோம் சார். குனிஞ்சு நட்டது அவருதான்," என்றாள் செல்வி.

விதியா, பேராசையா என்று பதினோரு வருடமாகத் தேர்வில் கேட்கிறேன். இப்படி ஒருத்தியும் எழுதியதில்லை.

இரண்டாம் பரிசுதான். மன்னார்குடி பஸ்ஸில் சட்டையும் துண்டுமாகவே தூங்கிவிட்டார்கள். கண்டக்டர் கேட்டார்: "யாரு மேடம், நடவு ஆளுங்களா?"

"ஆமா, எங்க ஆளுங்க," என்றேன்.