சிவப்பென்று நீர் சொன்ன கல்

கிடர்பூர் கப்பல்துறையில் நனைந்து வந்த கல்மூட்டையை இன்று காலை அவிழ்த்தேன். துருவும் மழைமண்ணும் கலந்த அந்த வாசனை வந்ததும் பழக்கதோஷத்தில் உம் பக்கம் திரும்பிவிட்டேன். உம் பலகை காலி. நீர் போய் ஒன்பது நாள் ஆகிறது வே.

கப்பலின் அடிப்புறத்துக்குப் பூசுகிற செஞ்சாயத்துக்குக் கல் பொறுக்கும் வேலை நமக்கு. வெளியே பார்த்தால் எல்லாக் கல்லும் கறுப்பும் சாம்பலுமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். உடைந்த பீங்கான் தட்டின் சொரசொரப்பான அடியில் உரசினால்தான் குட்டு வெளிப்படும். சிவப்புக் கோடு விழுந்தால் சாயக்கல், கறுப்பென்றால் தள்ளுபடி. ஊரையே கேலி பண்ணித் திரிந்த எனக்கு இரண்டு கோடும் ஒன்றுதான். என் கண்ணுக்குச் சிவப்பு பிடிபடாது என்று கண்டுபிடித்தவர் நீர் ஒருவர்தான்.

"வெளிய தெரிஞ்சா சோறு போயிரும் வே. சிவப்புன்னா நான் ஒரு இருமல் இருமுதேன். நீரு பாட்டுக்குக் கூடையில போட்டுக்கிட்டே இரும்" என்றீர்.

பத்து வருஷம் அப்படியே ஓடியது. "இவருக்கு முறை வச்சுத்தான் இருமலே வரும்" என்று உம்மையே கிண்டல் செய்தேன், பாவி. பிறகு உமக்கு நிஜமாகவே இருமல் வந்தது. நிற்காத இருமல். ஒவ்வோர் இருமலையும் சைகை என்று எண்ணி, கைக்கு வந்த கல்லையெல்லாம் சாயக்கூடையில் எறிந்தேன். அரைத்த தூள் கறுத்துப்போய் மேஸ்திரி குதித்தபோது, "என் கைப்பிசகு" என்று நீர் ஏற்றுக்கொண்டீர். வாய் ஓயாத நான் அன்று வாயைத் திறக்கவில்லை.

இன்று ஒரு மாலுமியிடம் காந்தத் துண்டு கேட்டு வாங்கினேன். கறுப்புக் கோட்டுக் கல்லில் ஒரு ஜாதி ஓடிவந்து ஒட்டுகிறது. ஆனால் ஒட்டாத கறுப்பும் இருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பேன்? மேஸ்திரியிடமே போனேன்.

"எனக்குச் சிவப்பு தெரியாதுய்யா. அன்னைக்குப் பிசகினது நான்தான், அவரு இல்ல."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "துக்கம் முடியல, அதுக்குள்ள உன் கூத்தா? போய்க் கல்லைப் பாரு!"

சத்தியம் செய்தேன். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

இனி ஒரு தப்புக் கல் உள்ளே போனாலும், உம் பக்கத்தில் இருந்து பழகியவன் என்று உம் பெயரைத்தான் இழுப்பார்கள். முழு மூட்டையையும் தள்ளுபடியில் கொட்டிவிட்டேன். நாளை எனக்கு வேலை இருக்காது. உள்ளங்கை நிறையக் கல்தூள் அப்பியிருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. என்ன நிறம் என்று யாரிடம் கேட்பேன் வே?