மச்சிலிருந்து இறங்கும் வழி

அத்தை,

நேற்று நம் மச்சு அறையில் ஏசி மாட்ட ஆள் வந்தார். ஓட்டுக்கு அடியில் மாமா அடித்துவைத்த பலகைகளில் ஒன்றைக் கழற்றினாரோ இல்லையோ, பொலபொலவென்று மிளகாய் விதையும் சிவந்த தூசியும் அவர் தலையில் கொட்டின. பாவம், தும்மல் நிற்கவே இல்லை. "என்னக்கா, வத்தலுக்கா வீடு கட்டுனீய?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் தும்மினேன். தும்மிக்கொண்டே அழுதேன். நல்லவேளை, பழியை வத்தல் மேல் போட முடிந்தது.

அவர் கேட்டது சரிதான். அது வத்தலுக்குக் கட்டிய மச்சுதான். கீழே முன்கூடமான தார்சாவில் மாமாவின் மிளகாய் வத்தல் வியாபாரம். வாங்கிய மூட்டைகள் ஏணி வழியாக மேலே ஏறும். உங்கள் மகனுக்குக் கல்யாணம் என்றதும் மூட்டைகளை வாடகைக் கிட்டங்கிக்கு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, ஓட்டிடுக்குத் தூசியை மறைக்க மேலே பலகை பரப்பி, ஏணி நின்ற இடத்தில் மரப்படி வைத்தார் மாமா. மூட்டை ஏறிய வழியிலேயே மருமகளும் ஏறினேன். தார்சாவின் நடுவில் போய் முடியும் படியில் ஒரு பெண் பகலில் எப்படி இறங்குவாள் என்று ஆண்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. விலை பேசும்போது வீட்டுப் பெண் குறுக்கே வந்தால் பேச்சு முறியும் என்பது மாமாவின் சட்டம். மூட்டைக்கு அந்தச் சட்டம் கிடையாது.

உங்கள் மகன் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசுக்கு இறங்கிப் போய்விடுவார். நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் கீழே குரல்கள் கேட்கும். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலில் ஓடு கொதிக்கும். பலகை இடுக்கிலிருந்து காரம் இறங்கும். தும்மினால் கீழே கேட்குமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வேன். கைக்குட்டை அளவு ஜன்னலில் ரயில் சத்தம் வரும், ரயில் தெரியாது. ஒன்றுக்குப் போகக்கூட வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். எனக்கு அப்போது இருந்த ஒரே துணை உங்கள் ஒட்டடைக் கம்புதான். அடுப்படியில் நின்று அந்தக் கம்பால் மேலே தட்டுவீர்கள். தட்டினால் தார்சா காலி, இறங்கலாம் என்று அர்த்தம்.

"கோழியக் கூட்டுல அடச்ச மாதிரி அடச்சிட்டாவளே ஒன்னைய" என்று காப்பியை நீட்டுவீர்கள். நீங்கள் மட்டும் என்ன, அத்தை? உங்கள் போக்குவரத்தெல்லாம் கொல்லை வாசலோடு சரி.

பிறகு கயத்தாறில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வத்தல் விளைவிக்கும் சம்சாரிகள் விடியலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு நீண்டுகொண்டே போனது. கம்பு தட்டவில்லை. பஸ் நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. இன்று இறங்காவிட்டால் இந்த மச்சிலேயே கிடந்து மக்கிப்போவேன் என்று பட்டது.

கீழே பேச்சு சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். ஒட்டடைக் கம்போடு தார்சாவின் நடுவில் நீங்கள்.

"என்னட்டி இது, யாவாரம் பேசுத நேரத்துல?" என்றார் மாமா.

"நீங்க பேசுங்க. எம் மருமவ வேலைக்குப் போறா. பஸ்ஸு போயிரும்." பிறகு மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "ஏட்டி, எறங்கி வா. நான் நிக்கேன்லா."

இறங்கினேன். நீங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு மாமாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றீர்கள். வாசலை மறித்திருந்த மூட்டையை ஒரு வயதான சம்சாரி இழுத்து நகர்த்தி, "போங்க தாயி" என்றார்.

அன்று விலை படியவில்லை. ஐப்பசி மழை வரும்வரை மாமா உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு அந்த மௌனத்துக்குள் நீங்கள் போய் அடைந்துகொண்டீர்கள். "வருத்தமா அத்தை?" என்று கேட்டால், "இத்தன வருசம் பேசி என்னத்தக் கண்டேன்? நீ பஸ்ஸப் பிடி" என்பீர்கள்.

மாமா போய், வியாபாரமும் போய், இப்போது தார்சாவில் ஒரு சோபாவும் டிவியும்தான் இருக்கின்றன. அதே பள்ளியில் நான் தலைமையாசிரியை. இந்த வீட்டில் எனக்குக் குறுக்கே நிற்க யாரும் இல்லை.

ஆனாலும் நேற்று, ஏசி ஆள் போனபின் விதைகளையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு இறங்க வந்தவள், மேல்படியிலேயே நின்றுவிட்டேன். தினமும் நிற்கிறேன், அத்தை. கீழே யாருமில்லை என்று தெரியும். காது மட்டும் அடுப்படிப் பக்கம் போகிறது. நீங்கள் போனபிறகு தட்டுவதற்கு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரக்கைப்பிடியை நானே விரல் மடக்கித் தட்டினேன். அதன் பிறகுதான் கால் இறங்கியது.