ரெட்டை சைலன்சர் வண்டி

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி. எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் மனைவி தூங்குவதால் மெதுவாகப் பேசுகிறேன்.

ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ வந்த வருஷம் வாங்கியது என் இப்போதைய வண்டி. பட்டனைத் தொட்டால் கிளம்பும். இன்று அடுகோடி பட்டறையில், இளவயதில் நான் ஓட்டி விற்ற ரெட்டை சைலன்சர் வண்டியைப் பார்த்தேன். டேங்கில் நான் போட்ட பள்ளம் அப்படியே இருந்தது. சீட் இல்லை. பாதி இன்ஜின் கோணிப்பையில் கிடந்தது.

"உங்க வண்டிய குடுத்துட்டு இத எடுத்துக்கோங்க பெரியவரே" என்றார் மெக்கானிக் நயாஸ்.

"ரிப்பேர் பண்ணா கிக்கர்ல ஸ்டார்ட் ஆகுமா?"

"உங்ககிட்ட இருந்தப்ப ஆச்சா?"

ஆகவில்லை. தினமும் யாராவது தள்ளினால்தான் கிளம்பும். இருந்தும் மனசு கேட்கவில்லை. நாளைக் காலை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

படுத்துக்கொண்டு, அன்று தள்ளியவர்களை எண்ணிப் பார்த்தேன். தம்பி ஏழுமலை போய்ச் சேர்ந்தான். எதிர்வீட்டு கெம்பண்ணாவும் போய்விட்டார். பால்காரர் சையதும் இல்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் பட்டுப்புடவையோடு தள்ளிக்கொண்டே, "ஏங்க, மறுவீட்டுக்கு நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, நான் உங்களைத் தள்ளிட்டுப் போறேனா?" என்று தெருவே கேட்கக் கத்தியவள் மட்டும் இருக்கிறாள், இதோ பக்கத்தில்.

சரோஜா.