ரோமாபுரி மலையில் வைத்த வேண்டுதல்

என் மலருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதக் கை போகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? நேற்று உனக்குத் திதி கொடுத்தேன். வல்லத்திராக்கோட்டை வெயிலில் அலைந்து ஆள் ஓய்ந்துபோய்விட்டேன். அந்த அசதியோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நம் பவானியைப் பார்க்க இத்தாலிக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு லீவு கிடைத்த நாளில் என்னை ஒரு மலைக்கு அழைத்துப்போனாள். பழைய ரோமாபுரிக்காரர்கள் உச்சியில் ஊர் கட்டி வாழ்ந்த இடமாம். அந்தப் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் நான். எனக்கு என்ன தெரியும்? குடுமியான்மலையில் உன் பின்னால் மூச்சு வாங்க ஏறுவேனே, அதே லட்சணத்தில் ஏறினேன்.

மேலே இடுப்பளவுச் சுவர்கள், கல் பாவிய தெரு. ஒரு மூலையில் நீளமான கல்மேடை, அதில் வரிசையாக வட்டக் குழிகள். பாழடைந்த கோயிலில் சிலை களவுபோன பீடம் இப்படித்தானே இருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன்.

“அப்பா! எந்திரிங்கப்பா! அது அந்தக் காலத்துக் கக்கூசு!”

“நல்லாப் பாத்துச் சொல்லுத்தா. இத்தனை குழி இருக்கு?”

“வரிசையா ஒக்காந்து பேசிக்கிட்டே போவாங்களாம்ப்பா.”

சிரித்துச் சிரித்துச் சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “சரி, அங்க என்னதான் வேண்டுனீங்க?” என்றாள்.

“ஒன்னைய ஒண்டியா விட்டுட்டுப் போறேன், பாத்துக்க சாமின்னேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அதுக்கு எதுக்குப்பா சாமி? நீங்க இங்கிட்டே இருங்களேன்.”

இறங்கும்போது, இந்த ஊர்ச் சனமெல்லாம் எங்கே போனது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிட்டார்களாம். கடைசியாக இறங்கியவன் யாரிடம் சொல்லிக்கொண்டு போயிருப்பான்?

மலர், டூட்டி முடிந்து வந்து அவள் நின்றபடியே ரொட்டியைக் கடிக்கிறாள். எதிரே ஆள் இருந்தால்தானே உட்கார்ந்து சாப்பிடத் தோன்றும்? நான் வைக்கிற ரசம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

நாளைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு அவளிடம் போகிறேன். இந்த வயதில் புது ஊர், புரியாத பாஷை. ஆனாலும் வருசா வருசம் உன் திதிக்கு வந்து இந்தக் கதவைத் திறப்பேன், சத்தியம். அதுவரை கொஞ்சம் தனியாக இரு. நீ பழகிக்கொள்வாய். அவளுக்கு அது பழகிவிடக் கூடாது.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன், பவானியின் அப்பா