அம்மாவைப் பெற்றவளின் பெயர்

பலேர்மோ, இத்தாலி, 1996 நவம்பர், செவ்வாய் இரவு

மெக்சிக்கோ மருமகளின் வம்சத்தை எங்கள் குடும்பப் பைபிளில் எழுத நான் மறுத்தேனாம். போர்கோ வெக்கியோத் தெருக்களில் எங்கள் தமிழ் ஆட்கள் அப்படிக் கதைக்கிறார்கள். பொய். பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக இன்று நானே மையால் எழுதினேன். மருமகளின் வம்சத்தில் முதல் பெயர், பண்ணை வீடொன்றில் வேலை செய்த பழங்குடிப் பெண்ணுடையது. அதை அவள் பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தைப் பார்த்த மகன் கேட்டான்: "அம்மம்மான்ரை தாய்க்கு ஏன் வெறும் இடம் விட்டிருக்கிறியள்?"

"மறந்து போச்சு."

"நீங்களோ? மறக்கிறதோ?"

மறக்கவில்லை. என் அம்மாவைப் பெற்றவள் அம்மப்பாவின் வீட்டில் வேலைக்கு நின்றவள். அவள் பெயரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சிறுவயதில் அந்த வீட்டு அடுப்படியில் ஒருத்தி என் தலையைக் கோதினாள். அந்தக் கை இன்று என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

மன்னாரிலுள்ள அக்காவுக்கு இப்போதுதான் எழுதினேன்: அவளின் பெயர் தெரிந்தால் மறைக்காமல் எழுதி அனுப்புங்கோ.