வராத நோய்க்குச் சான்றிதழ் கேட்டது குறித்து

அனுப்புநர்:
ரயில் ஓட்டுநர் பயிற்சி விண்ணப்பதாரரின் தந்தை,
சோபா மற்றும் இருக்கை உறை தைப்பவர்,
பூட்டுக்கடைக்கு மேல்மாடி,
பணிமனைச் சாலை.

பெறுநர்:
தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
பணியாளர் உடல்தகுதிக் குழு,
நகர ரயில் இயக்ககம்.

பொருள்: ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வான என் மகளின் சேர்க்கை, அவளுக்குத் தந்தையாக நான் அமைந்த காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது – எங்கும் இல்லாத பரிசோதனையின் அறிக்கை கேட்கப்பட்டது – தடையை நீக்கி ஆணையிட வேண்டுவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம். (கடித எண்ணின்மேல் முத்திரை குத்தப்பட்டிருப்பதால் எண்ணை எழுத இயலவில்லை.)

மதிப்பிற்குரிய பெரியீர்,

கடிதத்தில் உள்ள கையொப்பத்தைப் பல கோணங்களில் பார்த்தும் தாங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியவில்லை. ஆகவே பொதுவாக என் வணக்கத்தை ஏற்கவும்.

1. நான் எட்டாம் வகுப்பு தேறியவன். ஒன்பதாம் வகுப்பும் படித்தேன், பள்ளிக்கூடம்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதிய பழக்கம் இல்லை. "நீங்க எழுதினா கிடைக்கிற வேலையும் கைநழுவிப் போயிடும், பேசாம இருங்க" என்று என் மனைவி எச்சரித்ததையும் மீறி இதனை எழுதுகிறேன். இடையில் எங்கேனும் என் வாய் நீண்டிருந்தால் அதை என் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மகள் கணக்கில் என் பெயரால் ஏற்கெனவே வேண்டிய அளவு ஏறிவிட்டது.

2. என் மகள் எழுத்துத் தேர்வு, கண், காது, நிறம் பிரித்தறிதல் ஆகிய அனைத்திலும் தேறினாள். திடீரென்று விளக்கு எரிந்தால் எவ்வளவு விரைவில் கைப்பிடியை இழுக்கிறாள் என்று பார்க்கும் சோதனையும் நடந்தது. அதை நடத்திய தங்கள் அலுவலரே, "விளக்கு எரிஞ்சதை நான் பார்க்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணு இழுத்துடுச்சுப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கூறியதாக அறிகிறேன். எஞ்சியிருந்தது படிவத்தின் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: "இரத்த உறவினர் எவருக்கேனும் மனநோய் உண்டா?"

என் மகள், "உண்டு. தந்தை. இருமுனை மனநிலைக் கோளாறு. தொடர் சிகிச்சையில் நலமாக உள்ளார்" என்று எழுதினாள். வரிசையில் பின்னால் நின்ற இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கேட்டா உண்மையையா எழுதுவாங்க?" என்று பதறியிருக்கிறார். அவருடைய படிவத்தில் "இல்லை" என்று இருந்தது. அவருடைய பெரியப்பாவும் நானும் ஒரே மருத்துவரின் வாசலில் ஒரே பெஞ்சில் காத்திருப்பவர்கள். ஆளை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். அன்று அந்த வரிசையில் நின்ற வேறு எவர் குடும்பத்திலும் எந்த நோயும் இல்லை என்பதைத் தங்கள் கோப்புகளே காட்டும். ஊரின் மனநோய் முழுவதையும் என் மகளின் படிவம் ஒன்றே சுமந்து சென்றது.

3. என் நோயைப் பற்றித் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஆயினும் வைத்திருப்பவன் என்ற முறையில் நானும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். சில காலம் மனம் தேவைக்குமேல் பொங்கும், சில காலம் அடியோடு வற்றும். பொங்கிய காலத்தில் அப்போது நாங்கள் இருந்த குடியிருப்பின் கூட்ட அறையில் இருந்த நாற்காலிகள் அனைத்துக்கும், எவரும் கேட்காமலேயே, ஆரஞ்சு நிற ரெக்சின் உறை தைத்துப் போட்டேன். (தையல் இன்றளவும் பிரியவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.) வற்றிய காலத்தில் பட்டறையில் பஞ்சு மூட்டையின்மேல் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் என்னையும் சரக்கு என்று எண்ணித் தாண்டிச் சென்றனர்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை முதலில் கண்டவள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள். உறவினர் எல்லாரும் ஆள் உற்சாகமாக இருக்கிறான் என்று மகிழ்ந்திருந்தபோது, "அப்பா சந்தோஷமா இல்லம்மா, வேகமா இருக்காரு" என்று தன் தாயிடம் சொன்னவள் அவள்தான். அந்தச் சொல்லை வைத்துத்தான் மருத்துவரிடம் போனோம். அன்றிலிருந்து நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். பல ஆண்டுகளாக நலமாக இருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் வேலை வந்தால் மட்டும் வீட்டில் ஒருமுறைக்கு இருமுறை விசாரிப்பார்கள்.

4. இந்நிலையில் தங்கள் கடிதம் வந்தது. "மனநிலைக் கோளாறுக்குரிய உயிரியல் குறியீடுகள் விண்ணப்பதாரரிடம் இல்லை என்பதற்கான பரிசோதனை அறிக்கை பெறப்படும்வரை சேர்க்கை நிறுத்திவைக்கப்படுகிறது" என்பது அதன் வாசகம். பயிற்சி வகுப்பு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று அவள் உள்ளே இல்லையெனில் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். வயது வரம்பின்படி அவள் மறுபடியும் விண்ணப்பிக்க வழியில்லை. கடிதத்தை அவள் நின்றபடியே படித்தாள். மடித்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

5. கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று நானும் அவளும் ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்கினோம். முதல் ஆய்வகத்தில் இருந்த பெண் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, "அண்ணே, ஃபுல் பாடி பேக்கேஜ் இருக்கு. சுகர், கொழுப்பு, தைராய்டு எல்லாம் வரும். மனசு மட்டும் அதுல வராதுண்ணே" என்று வருத்தத்துடன் தெரிவித்தார். இருப்பதையாவது எடுப்போம் என்று எடுத்தோம். மகளுக்கு வைட்டமின் டி குறைவு என்று வந்தது. இதற்கு நான் பொறுப்பல்ல. தங்கள் தேர்வுக்காக வெயில் படாமல் அறைக்குள்ளேயே படித்ததுதான் காரணம். வேறோர் இடத்தில் எச்சிலைச் சிறு குப்பியில் வாங்கிக்கொண்டு மரபணு அறிக்கை ஒன்று வண்ணத்தில் தந்தார்கள். அதில் அவளுக்கு இசையில் ஆர்வம் இருக்கக்கூடும் என்றும், கசப்பு பிடிக்காது என்றும் கண்டிருந்தது. அவளுக்குப் பாகற்காய் என்றால் உயிர். ஆகவே அந்த அறிக்கையை இத்துடன் இணைக்கவில்லை.

கடைசியாக எனக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அம்மாவிடம் சென்றோம். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். என் மகளின் முகத்தைப் பார்த்தவுடன் நிறுத்திக்கொண்டார். "அப்படி ஒரு டெஸ்ட் இன்னிக்கு எங்கயும் இல்லைங்க. ரத்தத்துல, மரபணுவுல, தூக்கத்துல எல்லாம் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா ஒருத்தரை நிறுத்திவச்சு, இவருக்கு வரும், இவருக்கு வராதுன்னு சொல்ற குறி இன்னும் கையில கிடைக்கல" என்றார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். என் அறிவுக்கு எட்டியவரை, மேகம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை இப்போதே துவட்டிக்கொள்ளச் சொல்ல முடியாது.

என் இரத்தத்தையும் அவ்வப்போது எடுக்கிறார்கள். அது லித்தியம் மருந்து உடலில் அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நோய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று, நோய் இருக்கும் என் இரத்தமே இதுவரை வாய் திறக்கவில்லை. நோயே இல்லாத என் மகளின் இரத்தத்தை மிரட்டி என்ன பயன்?

6. இக்கடிதத்தால் என் வீட்டில் ஏற்பட்ட உபவிளைவையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நோய் எந்தப் பக்கத்து இரத்தம் என்று முடிவு செய்ய உறவினர் கூட்டம் ஒன்று தானாகவே கூடிவிட்டது. "நம்ம பக்கம் எல்லாரும் தங்கம். கல்யாணத்துக்கு அப்புறந்தான் தம்பி இப்படி ஆனான்" என்று என் அக்கா தொடங்கினார். "அப்படியா அண்ணி? உங்க சித்தப்பா கொட்டுற மழையில குடை பிடிச்சுக்கிட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்துவாரே, அது என்னவாம்?" என்று என் மனைவி கேட்டார். "அது சுறுசுறுப்பு" என்பது அக்காவின் பதில். இப்படியே ஒவ்வொருவராகப் பார்த்ததில், எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் அனைவரும் சுறுசுறுப்பானவர்கள் அல்லது அமைதியானவர்கள் என்றும், நோயாளி நான் ஒருவன் மட்டுமே என்றும் தீர்மானமாயிற்று. மருத்துவரிடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. தங்கள் குழுவும் அதே முறையைப் பின்பற்றியிருப்பது, என் அக்காவுக்குப் பெருமையாக இருந்தாலும், எனக்கு வருத்தமளிக்கிறது.

7. குழுவின் கவலை தவறு என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானோர் நம்பி ஏறும் வண்டி அது. என்னைக் கேட்டால், என்னை அதில் ஓட்டுநராக உட்காரவைக்க நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். மகளைப் பற்றிய பயமும் எனக்குப் புதிதல்ல. அவள் தொலைபேசியில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பவன் நான். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கினால் கதவருகே இருமுறை நடப்பவன் நான். அவள் கண்டுபிடித்துவிட்டு, "அப்பா, சும்மா தூங்குறேன்ப்பா, போங்க" என்று உள்ளிருந்தே விரட்டுவாள். இந்தக் காவல் வேலையில் தங்கள் குழு எனக்குப் பிறகுதான் சேர்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டு பார்த்தும் கண்டது ஒன்றுமில்லை.

தங்கள் இயக்ககம் என்னை முற்றிலும் ஒதுக்கிவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. தங்கள் ரயில்களில் ஓட்டுநர் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒப்பந்தக்காரர் அந்த வேலையை என் பட்டறைக்குத்தான் தருகிறார். எனவே, என் நோய் பட்ட கைகள் தைத்த இருக்கையில்தான் தங்கள் ஓட்டுநர்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். நூல் வழியாக எவருக்கும் எதுவும் தொற்றியதாகப் புகார் இல்லை.

8. மருத்துவர் அம்மா எழுதித் தந்த கடிதத்துடன் தங்கள் அலுவலக மூன்றாவது சாளரத்துக்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். "சார், டெஸ்ட்டே இல்லைன்னு இதுல இருக்கு. நாங்க கேட்டது டெஸ்ட் ரிப்போர்ட். இது வேற கோப்புக்குப் போகும்" என்றார். என் முகம் வாடியதைக் கண்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார்: "சட்டத்துல இரத்த உறவுன்னுதான் இருக்கு. நீங்க வளர்ப்பு அப்பான்னு ஒரு உறுதிமொழி குடுத்துட்டா கதை முடிஞ்சது. நாளைக்கே உள்ள போயிடும் பொண்ணு."

நான் மறைக்காமல் கூறுகிறேன்: அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. என் இரத்தம் அவளுக்கு வேறு என்ன தந்தது? என் மூக்கும், முன்கோபமும்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, இதுல எனக்கு என்ன பேரு வரும்னு யோசிச்சீங்களா?" என்றார். யோசிக்கவில்லை. ஒரு பொய் எழுத எத்தனை பேர் கெட்டுப்போக வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

மகள் கடைசியில்தான் பேசினாள். "உண்டுன்னு என் கையால எழுதினேன்ப்பா. இப்ப இல்லைன்னு உங்க கையால எழுதினா, நாளைக்கு எனக்கே ஏதாவது ஒண்ணு வந்தா நான் யார்கிட்டப் போய் சொல்றது?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தங்கள் குழுவில் படித்தவர்கள் பலர் இருப்பதால் அக்கேள்வியை அப்படியே அனுப்பிவைக்கிறேன். உண்மை எழுதியவளை வெளியே நிறுத்தினால், உள்ளே போனவர்கள் எவரும் இனித் தங்களிடம் உண்மை சொல்லமாட்டார்கள். ஒருநாள் ஓட்டுநர் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, மனம் பொங்கத் தொடங்கினால், அவர் அதை மறைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். அந்த வண்டியில் நானும் ஏறலாம், தாங்களும் ஏறலாம்.

9. ஆகவே கீழ்க்கண்டவாறு வேண்டுகிறேன்:

(அ) கடிதத்தில் கேட்ட பரிசோதனை எந்த ஊரில், எந்த ஆய்வகத்தில் செய்யப்படுகிறது என்று தெரிவித்தால், எவ்வளவு தொலைவானாலும் அழைத்துச் செல்கிறேன். கண்டுபிடித்தவருக்கு என் நன்றியையும் தெரிவிக்கவும். எங்கள் மருத்துவர் அம்மாவுக்கும் அவர் முகவரி வேண்டுமாம்.

(ஆ) அப்படி ஒன்று இல்லையெனில், என் மகளை அவளுடைய கண், கை, தூக்கம், நடத்தை ஆகியவற்றைக் கொண்டே சோதிக்கவும். எல்லா ஓட்டுநர்களுக்கும் எப்போதெல்லாம் மருத்துவச் சோதனை உண்டோ அப்போதெல்லாம் அவளுக்கும் வைக்கவும். அவள் தவறினால் அவளை நிறுத்தவும். எதிர்த்து நான் ஒரு வரி எழுதமாட்டேன்.

(இ) இவை இரண்டும் இயலாதெனில், ஒரு சிறு வேண்டுகோள். திங்கட்கிழமை காலை, ஆணை வந்தாலும் வராவிட்டாலும், அவள் பயிற்சிக் கூடத்தின் வாசலுக்கு வருவாள். சொன்னால் கேட்கமாட்டாள். அவளைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், முத்திரை குத்திய இன்னொரு கடிதத்தைக் கொடுக்காமல், காரணத்தை அவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லக்கூடிய ஒருவரை அனுப்பிவைக்கவும். நானும் உடன் வருகிறேன். காரணம் பக்கத்திலேயே நின்றால், விரல் நீட்டிக் காட்டுவதற்கு அவருக்கு வசதியாக இருக்கும்.

இடம்: பட்டறை
நாள்: வியாழக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் தந்தை

இணைப்பு: மருத்துவர் அம்மாவின் கடிதம், வைட்டமின் டி அறிக்கை (வேறு எதுவும் கிடைக்காததால்).