மயோர்க்காவில் நான் இறங்காத கடல்

அடியே,

நேற்றுக் கட்டிலுக்கு அடியிலிருந்த பெரிய சூட்கேஸைத் திறந்தேன். குப்பென்று சன்ஸ்கிரீன் வாசம். நீ சரியாக மூடாமல் வைத்த போத்தல் ஒழுகி, உள்துணியெல்லாம் ஊறிக் காய்ந்துபோயிருக்கிறது. "இறுக்கி மூடடி" என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா? உன்னை ஏசிக்கொண்டே அந்தத் துணியை மோந்து பார்த்தேன்.

சூட்கேஸைத் திறந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் செபமாலைக் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் மயோர்க்காவுக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறார்கள். எதைப் பார்க்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். "நீங்கள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று ஒற்றைக்காலில் வேறு நிற்கிறார்கள். நீ இல்லாமல் அந்தத் தீவில் நான் கால் வைப்பதா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கனடாவுக்கு வந்து மல்வேர்னில் ஒரே பஸ், ஒரே பக்டரி, இருபது வருஷம். 'நீங்கள்' என்று தொடங்கி மூன்றாம் மாதமே 'நீ' ஆகிவிட்டோம். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் லண்டனிலோ பாரிசிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் படுத்துவிட்டு வருவது. "ஒரு சொந்தமும் இல்லாத இடத்துக்கு ஒருக்கால் போவமடி" என்றாய். ஸ்பெயின்காரரின் தீவில் எங்களுக்கு ஒரு மச்சாளும் இல்லை. அதனாலேயே அதைப் பிடித்தோம்.

நான் மணிக்கணக்குப் போட்டு அட்டவணை எழுதினேன். கடலோரத்துப் பெரிய தேவாலயம், மலைக்குப் போகும் மரப்பெட்டி ரயில், குகைக்குள் இருக்கும் ஏரி. தேவாலயத்துக் கண்ணாடியால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழ, நீ செபத்தை விட்டுவிட்டு உன் கையில் விழுந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நத்தை மாதிரிச் சுருட்டிச் சீனி தூவிய பணிஸ் காலைக்கு மூன்று தின்றாய். நண்டும் இறாலும் மட்டியும் போட்ட பாயேயாச் சோறு வந்ததும் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது எங்கட நண்டுக் கூழ்தான்டி, தண்ணி வத்திப் போச்சு!" என்றாய். கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தல் வெளியே வந்தது. பரிமாறியவர் முறைத்தார். நீ அவருக்கும் ஒரு கரண்டி தூவிக் கொடுத்தாய். மனிசன் இருமி இருமிச் சிரித்தார்.

கடைசி நாள் கடற்கரையைவிட்டு அசையமாட்டேன் என்றாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "குகைக்கு டிக்கெட் எடுத்தாச்சு, எழும்படி!" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாய்: "நான் நெடுந்தீவில பிறந்தனான். நாலு பக்கமும் கடல். வீட்டில முழங்காலுக்கு மேல நனைய விடேல்லை. இண்டைக்கு இறங்கப் போறன்." மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றினாய். உள்ளே நீல நிறக் குளியலுடை! அறுபது வயதில்! எனக்குத் தெரியாமல் எப்போது வாங்கினாய், கள்ளி!

இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கினாய். அந்தப் படத்தை என் மகளுக்கு அனுப்பப்போன நான், பதற்றத்தில் செபமாலைக் குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பித் துலைத்தேன். நாற்பது பெண்கள், போதாதற்குப் பங்குச் சுவாமியார் வேறு. அழிக்கவும் தெரியாமல் மணலில் இருந்து அழுதேன். நீ ஈரக் கையோடு போனை வாங்கிச் சத்தமாக வாசித்தாய். முதலாமவள், "தண்ணி குளிரோ?" இரண்டாமவள், "உந்த உடுப்பு எந்தக் கடையில எடுத்தது?" சுவாமியார் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

"விடடி. எல்லாரும் பாத்திட்டினம். இனி ஒளிக்க என்ன கிடக்கு? நீயும் இறங்கு" என்றாய்.

"நாளைக்கு" என்றேன்.

மறுநாள் விடிய ஆறு மணிக்கே விமான நிலைய பஸ் என்பது தெரிந்தும் அப்படிச் சொன்னேன். அடுத்த பனிக்காலத்தில் உனக்குத் தீராத வருத்தம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். வசந்தம் வரமுன் போய்விட்டாய். நீ கூப்பிட்டும் உன்னோடு இறங்காமல் உன் செருப்பைக் காவல் காத்தேனே, அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் போகமாட்டேன் என்றது உன் மகளின் காதுக்கு எட்டி, இன்று காலை போன் எடுத்தாள். "அன்ரி, ஜஸ்ட் கோ! நீங்க போகாட்டி அம்மா மேல இருந்து ஏசுவா." உன் குரல் அப்படியே. "சரி பிள்ளை, போறன்" என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரமே ஒஷாவாக் கடைக்குப் போய் ஒரு குளியலுடை வாங்கினேன். கத்தரிப்பூ நிறம். சைஸ் கேட்காதே. அட்டவணை எழுதவில்லை. முதல் நாள், பெட்டியைக்கூடத் திறக்கமுன், பன்னிரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கடலுக்குத்தான் போகப்போகிறேன். நீ கைதூக்கி நின்ற அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு அழுகை வரும், தெரியும். வரட்டும். முதலில் கழுத்துமட்டும் நனைந்துவிட்டுப் பிறகு அழுகிறேன்.